சேலத்தில் என் ஃபைலைத் தேடிப் போனேன்

நான் 1993-ல் சேலம் மாவட்டத்தில் தொட்டிலில் விடப்பட்ட குழந்தை. வளர்ந்தது சென்னையில், இப்போது இருப்பது மெல்போர்னில். தத்துப் பிள்ளை என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். வீட்டில் யாரும் மறைத்ததில்லை. இந்த முறை ஊருக்கு வந்தபோது என் பழைய ஃபைலைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். எந்த அலுவலகத்தில் என்ன கிடைத்தது, எது கிடைக்கவே கிடைக்காது என்பதை எழுதி வைக்கிறேன். அந்தத் தொட்டில்களில் வந்த முதல் பிள்ளைகள் எல்லாம் இப்போது முப்பதைத் தாண்டியவர்கள். இதே கேள்வியோடு அலைகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

திட்டத்தைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலை நடந்துகொண்டிருந்த காலம். 1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-க்குப் பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்க மாட்டோம் என்பதுதான் அரசு அந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கினால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். என் ஃபைலில் அம்மா பெயர் இல்லாததற்கும் அதே வாக்குதான் காரணம். இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல் போனால் ஒவ்வொரு மேசையிலும் கோபம்தான் வரும்.

மெல்போர்னில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணும் தத்துப் பிள்ளைதான். விக்டோரியா மாநிலத்தில் 1984-ம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்து, பதினெட்டு வயதான தத்துப் பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். அவள் வாங்கினாள், பெற்ற தாயின் பெயரைப் பார்த்தாள், தேடிப் போய்ப் பேசினாள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அவளுக்கு ஒரு அசல் சான்றிதழ் இருந்தது. தொட்டில் குழந்தைக்கு மறைத்து வைத்த அசல் என்று ஒன்று கிடையாது; என் பிறந்த தேதியே ஒரு டாக்டர் பார்த்துக் கணித்துப் போட்டதுதான்.

கிளம்புவதற்கு முன்பே காராவின், அதாவது மத்திய தத்து ஆணையத்தின், இணையதளத்தில் ‘ரூட் சர்ச்’ (தத்துப் பிள்ளை தன் பிறப்பின் வேரைத் தேடுவது) என்ற பகுதியில் விண்ணப்பம் போட்டேன். தத்து ஆணை, பாஸ்போர்ட், வளர்ப்புப் பெற்றோர் விவரம் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினேன். இதற்கான விதி 2022-ம் ஆண்டு தத்து ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. பதினெட்டு வயது ஆனவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்து. பெற்றவர்கள் எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, தங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருந்தால், முதலில் அவர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஆளே கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லலாம். மூன்றாம் நபர் யாரும் தேடக் கூடாது. பிள்ளையின் உரிமை பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறக் கூடாது. படிக்கும்போது கடுப்பாகத்தான் இருந்தது. சேலம் போய் வந்த பிறகு அவ்வளவு கடுப்பு இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பார் என்று பலர் சொன்னார்கள். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நான் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வாங்கி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவள், எனக்கு அந்த வழி இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் போடலாம். ஆனாலும் இன்னொருவரின் தனிப்பட்ட விவரம் என்று வந்துவிட்டால் அங்கேயும் கதவு மூடும்.

முதல் வேலை நீதிமன்றம். இப்போது தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். 2022 செப்டம்பரிலிருந்து அப்படி. என் காலத்தில் எல்லாமே கோர்ட் வழிதான். 1956-ம் ஆண்டு இந்து தத்துச் சட்டப்படி, பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையை, காப்பாளராக இருக்கும் குழந்தைகள் இல்லம் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கும். அப்பா அந்த ஆணையை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். அதில் இருப்பது ஒரு பக்கம்தான். எனக்கு வேண்டியது மனுவோடு சேர்த்து வைத்த காகிதங்கள்.

எந்த நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை. நகல் பிரிவில் இருந்தவர் மனு எண்ணைப் பார்த்ததுமே, “இதெல்லாம் ரொம்பப் பழசு மேடம், ரெக்கார்டு ரூம்ல இருக்குமான்னே தெரியாது. வக்கீல் மூலமா வாங்க” என்றார். வெளியே வந்தவுடன் ஒருவர் பின்னாலேயே வந்து தொகை பேசினார். உள்ளே பேசியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அப்பாவின் நண்பர் மகள், இளம் வக்கீல், முறைப்படி நகல் மனு போட்டு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தாள். மனுவில் என் வளர்ப்புப் பெற்றோர் தரப்பினர் என்பதால் அவர்கள் பெயரிலேயே கேட்டோம், கேள்வி குறைந்தது. கட்டு இருந்தது. ஓரம் செல்லரித்திருந்தது, ஆனால் எழுத்து தெளிவு.

அதில் இல்லத்தின் பிரமாண வாக்குமூலம், டாக்டர் சான்று, அப்பாவின் சம்பளச் சான்றிதழ், பக்கத்து வீட்டு மாமி எழுதிக் கொடுத்த நன்னடத்தைக் கடிதம் எல்லாம் இருந்தன. “இவர்கள் வீட்டில் சண்டை சச்சரவு கேட்டதில்லை” என்று மாமி எழுதியிருக்கிறார். அம்மா அதைப் படித்துவிட்டு, “அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்றாள். டாக்டர் சான்றில் “சுமார் நான்கு நாள் வயது, குறை எடை, வேறு குறை இல்லை” என்று ஒரு வரி. என்னைப் பற்றி எழுதப்பட்டதில் அதற்கு முந்தையது எதுவும் இந்தக் கட்டில் இல்லை. அதற்குச் சேலம் போக வேண்டும்.

சேலத்தில் பார்க்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. என்னைத் தத்துக் கொடுத்த இல்லம் இப்போது இல்லை. அதன் பழைய பதிவேடுகள் இந்த அலுவலகத்துக்கு வந்திருப்பதாக முன்பே மின்னஞ்சலில் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பமும் காராவிலிருந்து சென்னை வழியாக அங்கே வந்து சேர்ந்திருந்தது. விமானம் ஏறும் முன்பே ஆன்லைனில் போட்டு வைத்ததுதான் இந்தப் பயணத்திலேயே உருப்படியான வேலை. நேரில் போய் முதல் முறையாகச் சொல்லியிருந்தால் ‘விண்ணப்பம் போட்டுட்டு வாங்க’ என்பதுதான் பதிலாக இருந்திருக்கும்.

அப்பாவும் கூட வந்திருந்தார். அங்கிருந்த ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சலர், அவரைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. விண்ணப்பதாரர் மேடம்தான்” என்றார். என்னைத் தூக்கி வளர்த்த மனிதர் இந்த விஷயத்தில் வெளியாளா என்று எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வராண்டாவில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தனியாக அழைத்ததற்குக் காரணம் இருந்தது. யாராவது வற்புறுத்தித் தேட வைக்கிறார்களா, சொத்து ஏதாவது விவகாரமா, கிடைக்காவிட்டால் தாங்குவேனா, கிடைத்த பிறகு அந்த அம்மா பார்க்க மறுத்தால் என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “பதில் இல்லைன்னே எழுதிக்கிறேன்” என்று எழுதிக்கொண்டார். அப்புறம் என் சம்மதத்தோடு அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். நீளமான நோட்டு, காலிகோ அட்டை. அதிகாரி பக்கத்தைத் திறந்து, என் வரிக்கு மேலேயும் கீழேயும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்துவிட்டு என் பக்கம் திருப்பினார். மற்ற வரிகளில் மற்ற பெண்கள். தாளின் ஓரத்தில் ஒரு “பெ” மட்டும் எட்டிப் பார்த்தது.

என் வரியில் தேதி, காலை 5.40, எடை 1.9 கிலோ. ‘கொண்டு வந்தவர்’ என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. அதற்கு அடுத்த கட்டத்தில் “தொட்டில்” என்று ஒரே சொல். உடுப்பு: நீலக் கட்டம் போட்ட துண்டு. குறிப்பு: தொப்புள் கொடி வெள்ளை நூலால் கட்டப்பட்டுள்ளது, பால் குடிக்கிறது.

நூல் என்றதும் எனக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கிளிப் அல்லவா போடுவார்கள், அப்படியானால் வீட்டுப் பிரசவம், ஒரு மருத்துவச்சி, ஒரு கிராமம். அதிகாரி அதை அங்கேயே வெட்டிவிட்டார். “அந்தக் காலத்துல ஆஸ்பத்திரியிலயும் நூல் கட்டுவாங்க மேடம். இதை வச்சு நான் எதுவும் எழுதித் தர முடியாது.” சரிதான். கோடு போட்ட கட்டத்தில் ஒரு பெயர் இருந்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். சில தாய்மார் தொட்டிலில் போடாமல் நேரிலேயே வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனதுண்டாம்; அந்த வரிகளில் பெயரும் ஊரும் இருக்கும். அப்போதுகூட அலுவலகத்தார் முதலில் போய் அந்தப் பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சொல்வார்கள்.

அந்த இல்லத்தில் வேலை பார்த்த ஓர் ஆயாம்மாவைப் பார்க்க முடிந்தது. பெயரோ ஊரோ சொல்லக் கூடாது. “வா சாமி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். “எத்தனை புள்ளைக கண்ணு... ஞாபகம் இருக்குன்னு சொன்னா பொய்யாயிடும்” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. விடிவதற்கு முன்னால் மணி அடிக்கும், ஓடிப் போனால் தொட்டிலில் குழந்தை இருக்கும், தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். போட்டவர்களைத் துரத்திப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பது மாதிரி சில நாள் தெரியும், குழந்தையை உள்ளே எடுத்துப் போகும்வரை அது நகராது, நாங்களும் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிடுவோம் என்றும் சொன்னார்.

விடுதிக்குத் திரும்பியபோது இன்னொரு சேவையும் தேடி வந்தது. ‘ஆள் வைத்துத் தேடித் தருகிறேன்’ என்று ஒருவர், யார் மூலமோ எண் வாங்கி அழைத்தார். முன்பணம் கொடுத்தால், சுற்றுவட்டக் கிராமங்களில் 1993-ல் யாருக்குப் பெண் குழந்தை பிறந்து ‘செத்துப் போனது’ என்று வீடு வீடாக விசாரிப்பாராம். எனக்கு உடம்பு பதறியது. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயதோ அறுபது வயதோ இருக்கும். மாப்பிள்ளை மருமகள் எடுத்திருப்பாள். அவள் வாசலில் நின்று இவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? மூன்றாம் நபர் தேடக் கூடாது என்ற விதி யாருக்காக இருக்கிறது என்று அந்த ஒரு போன்காலில் புரிந்தது. இப்படி யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து போனை வைத்துவிடுங்கள்.

டிஎன்ஏ சோதனையும் மெல்போர்னில் செய்து பார்த்தாயிற்று. மலேசியா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ தூரத்து உறவுகள் காட்டுகிறது. கூலிக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள். சேலத்துக் கிராமத்தில் இருப்பவர் எச்சில் குழாய் அனுப்பினால்தானே அந்தப் பட்டியலில் வருவார்?

என் வழி எல்லாருக்கும் பொருந்தாது. சிங்கப்பூரில் இருக்கும் என் தோழி உறவுக்குள்ளேயே தத்துப் போனவள். அவளுக்கு இல்லமும் இல்லை, காராவும் இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த தத்துப் பத்திரம் மட்டும்தான். ஆன்லைனில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தாள். வில்லங்கத்தில் வருவது நிலம் வீடு பதிகிற முதல் புத்தகம். தத்துப் பத்திரம் போவது நான்காம் புத்தகத்தில். அதை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியாது. எழுதிக் கொடுத்தவரும் அதன்படி உரிமை உள்ளவரும் அவர்கள் பிரதிநிதியும்தான் நகல் கேட்கலாம். தத்துப் போன பிள்ளை என்று அடையாளம் காட்டி, பதிந்த ஆண்டையும் அலுவலகத்தையும் சொல்லிக் கேட்டாள், கிடைத்தது. கொடுத்தவர்கள் பெயரும் கையெழுத்தும் அதிலேயே இருந்தன.

என் பக்கம் மிச்சம் இருந்தது ஒரு கடிதம். எப்போதாவது அந்தப் பெண்ணே அலுவலகத்துக்கு வந்து, இந்தத் தேதியில் தொட்டிலில் போட்ட குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், என் விவரத்தைக் கொடுக்க எனக்குச் சம்மதம் என்று எழுதினேன். நன்றாக இருக்கிறாள், கோபம் இல்லை என்று மட்டும் சொன்னாலும் போதும் என்றும் சேர்த்தேன். இதற்கென்று தனிப் படிவம் இல்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதி, பாஸ்போர்ட் நகல் இணைத்துக் கொடுத்தேன். அதிகாரி பதிவேட்டு எண்ணை மேலே குறித்து, முத்திரை குத்தி, எனக்கொரு நகலும் கொடுத்தார். அதிகாரிகள் மாறுவார்கள், அலுவலகமும் மாறும், அதனால் முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினால் பதிவேட்டு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், கடிதத்தோடு சேர்த்து வைத்துவிடுவோம் என்றார்கள். காரா தளத்தில் என் விண்ணப்பம் இன்னும் நிலுவை என்றுதான் காட்டுகிறது. சேலத்திலிருந்து அறிக்கை போன பிறகு அது முடியும்.