வெள்ளத்தில் நின்ற கார்: எஞ்சின் பாஸா, ஸ்கேன் ரிப்போர்ட்டா, வயரிங் பாஸா?

கொழும்பில் பழைய கார் பார்க்கப் போகும்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். தெரிந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் போனட்டைத் திறப்பார், ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பார், ஒரு சுற்று ஓட்டுவார், "எஞ்சின் சுப்பர், எடுங்க" என்பார். ஆயில் குடிக்கும் காரைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை. வெள்ளத்தில் நின்ற காருக்கு மட்டும் அவரை நம்பிப் போகாதீர்கள் என்பேன்.

காரணம் நம் ஊர் வெள்ளத்தின் குணம். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது. ஏறியது உடனே வடியவும் இல்லை. இப்படி மெல்ல ஏறும் தண்ணீரில் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டுவதைவிட, வீட்டு முற்றத்தில் எஞ்சின் நின்றபடியே நனைவதுதான் அதிகம். ஓடும் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளைந்துவிடலாம். நின்ற எஞ்சினுக்கு, உள்ளே தண்ணீரோடு ஸ்டார்ட் செய்யாதவரை, அந்த ஆபத்து இல்லை. ஆயில், பில்டர் எல்லாம் மாற்றிச் சுத்தம் செய்துவிட்டால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். பாஸ் சொன்ன "எஞ்சின் சுப்பர்" பொய்யில்லை. ஆனால் சேதம் இருப்பது கால் வைக்கும் இடத்தில்: கார்பெட்டுக்குக் கீழே, சீட்டுக்குக் கீழே, வயர் கனெக்டர்களுக்கு உள்ளே.

இன்னொன்று, 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரி லேசுப்பட்டதல்ல. ஆகவே வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போகும் காரைக்கூட இங்கே கழுவிக் காயவைத்து விற்றால் காசு பார்க்கலாம்.

சரி, ஸ்கேன்? காரின் கம்ப்யூட்டரோடு இணையும் ஓபிடி சொக்கெட்டில் கருவியைச் செருகினால் கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் வந்துவிடும். எயார்பேக், ஏபிஎஸ் பிரேக் பக்கம் கோளாறு பதிந்திருந்தால் காட்டும். கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போனதையும் காட்டும். ஆனால் அந்தப் பதிவுகளை அழிக்க ஒரு நிமிடம் போதும். விற்பவரிடமும் அதே கருவி இருக்கலாம். அதனால் கோளாறுப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பதிவுகளை அழித்தால் இந்தச் சுயசோதனைகளும் பூச்சியத்துக்குப் போய்விடும், அவை மறுபடி முடியக் கார் கொஞ்சம் ஓட வேண்டும். தினமும் ஓபிஸ் போன கார் என்கிறார்கள், சோதனைகளோ பாதியில் நிற்கின்றன என்றால் பதிவை யாரோ அழித்திருக்க வேண்டும், அல்லது பட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். ஏன் என்று கேளுங்கள். ஸ்கேனின் பெரிய குறை வேறு. பச்சைத் துரு பிடிக்கத் தொடங்கிய, ஆனால் இன்னும் அறுந்துபோகாத கனெக்டர் அதற்குத் தெரியாது. இன்று சுத்தமாக வரும் ரிப்போர்ட் ஆறு மாதம் கழித்து என்ன சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடதாசிகளை நம்புவோர் இன்னொரு கட்சி. காரின் நிலையைக் குறிக்கும் ஜப்பான் ஏல ஷீட்டைக் காட்டி "கிறேட் நாலரை" என்பார்கள். அங்கே உள்தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய காரை வெள்ளக் கார் என்று குறிப்பது வழக்கம், அது நல்ல விஷயம்தான். ஆனால் 2015இல் இறங்கிய கார் 2025இல் வெல்லம்பிட்டியில் மூழ்கியிருந்தால், அதற்குப் பத்து வருடம் முந்திய ஷீட்டுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? சீஆர் புத்தகம் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) உரிமையாளர் பெயர், முகவரி, எஞ்சின், செசி நம்பர்கள், லீசிங் போன்றவற்றைச் சொல்லும், அவ்வளவுதான். கொலன்னாவை முகவரி என்பதற்காக மட்டும் ஒரு காரை ஒதுக்குவது அநியாயம். கொஞ்சம் உதவக்கூடியது காப்புறுதி. ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் கோரிக்கை விவரத்தை உரிமையாளரே நிறுவனத்திடம் கேட்டு வாங்கித் தரலாம். மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் சொந்தச் சேதத்துக்குக் காசே கிடைக்காது, ஆகவே பதிவும் இருக்காது.

இப்போது வயரிங் பாஸ், அதாவது காரின் மின் வேலை பார்ப்பவர். இவர் போனட்டுக்கு முன்னால் கதவைத் திறப்பார். கதவடி பிளாஸ்டிக் பட்டையைக் கையால் நெம்பி எடுத்து, கார்பெட்டின் ஓரத்தை உயர்த்தி, கீழே இருக்கும் தடித்த பஞ்சு விரிப்பை விரலால் பிழிவார். மேலே துணி காய்ந்திருக்கும், பஞ்சு ஈரமாக இருக்கும். ஈரமே இல்லாவிட்டாலும் நகக்கண்ணில் நைசான சாம்பல் நிற வண்டல் ஒட்டும். ஷம்பூ போட்டுக் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. பிறகு சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள். பத்து வருடக் காரில் அவை லேசாகத் துருப்பிடிக்கலாம், ஆனால் தலையில் ஸ்பானர் பட்ட புதுத் தழும்பு இருந்தால் சீட் எதற்காகக் கழன்றது என்ற கேள்வி வரும். சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் எயார்பேக் வரிசையைச் சேர்ந்தது. அதைப் பட்டரி இணைப்பில் இருக்கும்போது கழற்ற வேண்டாம், மற்றவற்றில் ஒன்றைக் கழற்றிப் பின்களில் பச்சைத் தூள் இருக்கிறதா என்று பார்க்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். சாவியைத் திருப்பும்போது எயார்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதையும் யாரோ "சரிசெய்திருக்கிறார்கள்".

வயரிங் பாஸ் கிடைக்காவிட்டால் சீட் தைக்கும் குஷன் கடைக்காரரைக் கூட்டிப் போகலாம். கார்பெட் கழன்றதா இல்லையா என்பது அவருக்கு அத்துப்படி. கியர்பொக்ஸ் பற்றி இருவருக்கும் பெரிதாகத் தெரியாது, அதற்கு எஞ்சின் பாஸ் தேவைதான்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஏசி வடிகுழாய் அடைத்தாலும் முன்பக்கக் கார்பெட் நனையும், ஆனால் ஒரு பக்கம் மட்டும். வெள்ளம் நான்கு மூலையையும் நனைக்கும். வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் கடற்கரையோரம் நின்ற காரும் துருப்பிடிக்கும். உப்புக்காற்றுத் துரு வெளியே, கூரை விளிம்பிலும் போனட் பிணைச்சலிலும் கூடத் தெரியும். வெள்ளத் துரு உள்ளே இருக்கும், அதுவும் ஒரு மட்டத்துக்குக் கீழேதான். கூரை பளபளக்க, பெடல் தண்டு மட்டும் துருவேறியிருந்தால் அது கடல் செய்த வேலையல்ல.

ஹைபிரிட் என்றால் கணக்கே மாறும். டொயோட்டா அக்குவாவில் பெரிய பட்டரி பின் சீட்டுக்கு அடியில், ஹொண்டா வெசலில் டிக்கித் தளத்துக்குக் கீழே. வேகன் ஆர் ஹைபிரிட்டில்கூட லித்தியம் பட்டரி முன் பயணி சீட்டுக்கு அடியில்தான். கார்பெட் நனையும் மட்டமே இவற்றுக்கு அதிகம். செம்மஞ்சள் நிற வயர்களைத் தெரியாதவர் தொடவே கூடாது, சரிபார்க்க ஹைபிரிட் வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

என்னைக் கேட்டால், சாதாரண பெற்றோல் அல்டோ போன்ற காரில் தண்ணீர் கார்பெட் வரை வந்தது என்று விற்பவரே ஒளிக்காமல் சொல்லி, விலையையும் குறைத்து, அதை விற்பனைக் கடிதத்தில் எழுதியும் தந்தால் வாங்கலாம், வயரிங் பாஸ் சீட்டையெல்லாம் கழற்றிப் பார்த்த பிறகு. ஹைபிரிட்டில் பின் சீட் மட்டம் வரை ஏறியிருந்தால் எத்தனை இலட்சம் குறைத்தாலும் வேண்டாம்.