கொழும்பு கோட்டை – மாத்தறை கரையோர ரயில்: முன்பதிவில்லாப் பெட்டி எப்படி?

தென்னிலங்கைக் கடற்கரையைச் சிக்கனமாகச் சுற்ற வாடகைக் கார் தேவையே இல்லை. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலி நகரம் ஏறக்குறைய 116 கி.மீ., அதற்கப்பால் மாத்தறை இன்னும் 40 கி.மீ. சொச்சம். முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புதான் இந்தப் பாதைக்குச் சரி. குளிரூட்டிய பெட்டியில் ஜன்னல் திறக்காது. உப்புப் படிந்த கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்க அவ்வளவு பணம் கொடுப்பது வீண். இரண்டாம் வகுப்பில் இருக்கை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், நெரிசல் இரண்டிலும் ஒன்றுதான்.

சீட்டைப் புறப்படும் நாளிலேயே கவுன்டரில் எடுக்கலாம். சில்லறை வைத்திருங்கள். இறங்கும் நிலையத்து வாசலில் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அதுவரை தொலைக்கக் கூடாது.

தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று அலை தண்டவாளக் கற்களுக்கு எட்டும் தூரத்திலேயே வரும். பலர் ஏமாறுவது காலியில். அது முட்டுச் சந்து போன்ற நிலையம். வண்டி உள்ளே போய், வந்த திசையிலேயே திரும்பி வெளியே வரும். அதுவரை கடலைக் காட்டிய ஜன்னல் அதன்பின் ஊரைத்தான் காட்டும். மாத்தறைவரை போகிறவர்கள் காலியில் கூட்டம் இறங்கியதும் எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும்.

மாலை நாலு மணிக்குமேல் கோட்டையில் ஏறாதீர்கள். அலுவலகக் கூட்டம் பாணந்துறை, அளுத்கமவரை இறங்காது. பெரிய முதுகுப்பையோடு நிற்க இடம் கிடைக்காது. காலை வண்டியே நல்லது. அப்போது கூட்டம் கொழும்பை நோக்கித்தான் வரும். களுத்துறையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பாதை ஒற்றைத் தண்டவாளமாகிவிடும். எதிர்வண்டி வரும்வரை நிலையத்தில் காத்து நிற்பதால் தாமதம் வழக்கம். அதன் பின்னால் வேறு பயணத்தை இறுக்கமாகத் திட்டமிடக் கூடாது.

கடற்கரை ஊர்களான உனவட்டுன, மிரிஸ்ஸ இரண்டிலும் நிலையம் உண்டு, ஆனால் கடுகதி வண்டிகள் பெரும்பாலும் நிற்காது. காலியிலோ வெலிகமவிலோ இறங்கி பஸ் பிடிப்பதே விரைவு. காலியில் பஸ் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. காலிக் கோட்டை மதிலுக்கும் நடந்தே போகலாம்.

வண்டிக்குள் இறால் வடை விற்க வரும்போது தவறவிடாதீர்கள். பருப்பு வடையின்மேல் ஓட்டோடு முழு இறால் பதிந்திருக்கும். மேலே வெங்காயமும் மிளகாயும் தூவி, பழைய பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கழிவறையை நம்ப வேண்டாம், ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

வாசற்படியில் தொங்கிப் படம் எடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். கம்பங்கள் பெட்டியை ஒட்டியே வருகின்றன.

நேரம்தான் முக்கியம் என்றால் கொழும்புப் புறநகரான மாக்கும்புரவிலிருந்து அதிவேகப் பாதை பஸ் ஒன்றரை மணி நேரத்தில் காலியில் விடும், ரயிலுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் அந்தப் பாதை உள்நாட்டுப் பக்கமாகப் போகிறது. வழியில் கடல் கண்ணிலேயே படாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடற்பக்க ஜன்னலில் சாரல் அடிக்கும், கமெராவுக்கு ஒரு பொலித்தீன் பை எடுத்துச் செல்லுங்கள்.