பழைய பாலத்தின் கான்கிரீட்: சுத்தியல், கோர், ஹாஃப் செல் சோதனைகளில் எதை நம்பலாம்?

பழைய பாலத்தை ஆய்வு செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது ரீபவுண்ட் சுத்தியலைத்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய இக்கருவியின் உள்ளிருக்கும் எடை, மோதிய பின் எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்பதை வைத்து வலிமை கணிக்கப்படுகிறது. செலவு குறைவு; பாலத்துக்குச் சேதமும் இல்லை. ஆனால் அது அறிவது மேற்பரப்பை ஒட்டிய சில சென்டிமீட்டரை மட்டுமே. கணிக்கும் வலிமையில் 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்று முன்பு நடைமுறையில் இருந்த இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 13311) கூறியிருந்தது.

பழைய கான்கிரீட்டில் சிக்கல் இன்னும் பெரிது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பை இறுக்கிவிடுவதால் சுத்தியலின் எண் உயர்ந்துவிடுகிறது. இந்த மிகை 50 சதவீதத்தைக்கூட எட்டலாம். அதே வினைதான் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காத்துவந்த மெல்லிய படலத்தையும் அழிக்கிறது. அபாயம் கூடக்கூட நல்ல எண்ணைக் காட்டும் ஒரு கருவியை மட்டும் நம்பிப் பாலத்துக்குச் சான்று அளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மீயொலிச் சோதனை கான்கிரீட்டை ஊடுருவிப் பார்க்கிறது. ஒலித்துடிப்பு கான்கிரீட்டைக் கடக்கும் வேகம் நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது, 3.0-க்குக் கீழே போனால் ஐயத்துக்குரியது என்று அந்தப் பழைய ஐ.எஸ். 13311 வகுத்திருந்தது. உள்வெடிப்பையும் வெற்றிடத்தையும் கண்டறிய இது ஏற்றது. வலிமையை எண்ணாகச் சொல்ல ஏற்றதன்று.

வலிமைக்கு உண்மையான சாட்சி, வைரமுனை துளைப்பானால் உருளை வடிவில் வெட்டியெடுக்கும் மாதிரியான கோர்தான். உருளையின் பக்கவாட்டைப் பார்த்தாலே ஜல்லி சீராகப் பரவியிருக்கிறதா, தேன்கூடு போலப் பொத்தல் விழுந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விட்டம் ஜல்லியின் அதிகபட்ச அளவைப் போல் மூன்று மடங்காவது இருப்பது நல்லது. மூன்று கோர்களுக்குக் குறையாமல் எடுத்து, அவற்றின் சராசரி குறித்த வலிமையில் 85 சதவீதத்தையும் தனித்தனியே ஒவ்வொன்றும் 75 சதவீதத்தையும் எட்ட வேண்டும் என்ற, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456-இன் விதி புதுக் கட்டுமானத்துக்கானது. எனினும் பழைய பாலங்களிலும் அதுவே அளவுகோலாகப் பயன்படுகிறது. கம்பியை வெட்டிவிடும் ஆபத்து இருப்பதால், முதலில் கம்பியிருக்கும் இடத்தைக் கண்டறியாமல் துளையிடக் கூடாது. கோரைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால் காரம் எஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். நிறமாறாத விளிம்பு கம்பியின் ஆழத்தை எட்டிவிட்டால் துரு தொடங்கும் நிலை வந்துவிட்டது எனலாம்.

எனினும் 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் போல உப்புக்காற்றில் நிற்கும் பாலங்களில் இளஞ்சிவப்பு நிறமும் நம்பிக்கை தராது. உப்பிலுள்ள குளோரைடு காரத்தைக் குறைக்காமலே கம்பியை அரிக்கும். சுத்தியலிலும் கோரின் நசுக்கு வலிமையிலும் அதன் தடயம் தெரியாது. இங்கே தேவைப்படுவது, கம்பியின் மின்னழுத்தத்தை ஓர் ஒப்பீட்டு மின்முனையோடு அளக்கும் ஹாஃப் செல் அளவீடும், ஆழவாரியாகத் துளையிட்டு எடுத்த தூளில் செய்யும் குளோரைடு பகுப்பாய்வும்தான். செம்பு-செம்புசல்ஃபேட் மின்முனையை ஒப்பிட்டு −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக அளவு வந்தால் அரிப்பு நடக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். −200 முதல் −350 வரை முடிவாகச் சொல்ல இயலாது. இந்த அளவு துருவின் வாய்ப்பைச் சொல்லுமே தவிர, கம்பி எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சொல்லாது. அதற்குச் சில இடங்களில் உறைக் கான்கிரீட்டை உடைத்துக் கம்பியின் விட்டத்தை நேரில் அளப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே, உள்நாட்டுப் பாலத்தில் சுத்தியலை ஐயத்துக்குரிய இடங்களை வடிகட்ட மட்டும் பயன்படுத்தி, மீதிப் பணத்தைக் கோருக்கும் பினாப்தலீனுக்கும் செலவிடலாம். கடலோரப் பாலத்தில் கோரின் எண்ணிக்கையைக் குறைத்தாவது குளோரைடு பகுப்பாய்வைச் செய்தாக வேண்டும். முன்தகைவுக் கம்பிகள் (கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்க இழுத்து இறுக்கப்பட்டவை) உலோகக் குழாய்க்குள் ஓடும் பாலங்களில் ஹாஃப் செல்லும் உள்ளே நடப்பதைக் காட்டாது. தேர்ந்த இடங்களில் குழாயைத் திறந்து, உள்ளே ஊற்றிய சிமெண்ட் கூழ் நிரம்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.