மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை: பதினொரு மாதப் பாவனைக்குப் பிறகு

இரண்டு வருடமாக என் உச்சம் 12 கிலோமீற்றர்தான். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி ஆரையம்பதிப் பக்கம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அதைத் தாண்டப் பார்த்த நாட்களில் எல்லாம், திரும்பும் வழியில் காத்தான்குடி நடுவீதிப் பேரீச்சை மரத்தடியில் குந்தியிருந்துவிட்டு பஸ் ஏறித்தான் வீடு வந்தேன். வியர்வை சொட்டச் சொட்ட நிற்கிறவனுக்குப் பக்கத்து ஆசனம் எப்போதும் காலியாக இருக்கும், அது ஒன்றுதான் லாபம்.

போன தை மாதம் ஓட்ட-நடை முறைக்கு மாறினேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் கலோவே, 1974இல் புதிதாக ஓட வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தபோது தொடங்கிய முறை இது. களைத்த பிறகு நடப்பது யாருக்கும் தெரிந்த வேலை. இதில் களை வருவதற்கு முன்பே, முதல் கிலோமீற்றரிலேயே, மணி பார்த்து நடக்க வேண்டும். நான் எடுத்த கணக்கு மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. போனில் ஒரு இலவச டைமர் போட்டுக்கொண்டேன். வேறு செலவு எதுவும் இல்லை.

முதல் மாதம் வெட்கம் பிடுங்கித் தின்றது. நாவற்குடாவில் விடியப்புறம் வாசல் கூட்டும் ஒரு பெரியம்மா, நான் நடக்கும் நேரம் பார்த்து, "என்ன மனே, ஏலாமப் போச்சா?" என்று கேட்பார். இல்லை பெரியம்மா, இது ஒரு முறை என்று விளங்கப்படுத்துவதற்குள் பீப் அடித்துவிடும், ஓட வேண்டும். ஆள் என்னைப் பார்த்துப் பயந்து ஓடுகிறான் என்றே அவர் நினைத்திருக்கலாம். சித்திரை அளவில் அவருக்கே கணக்குப் பிடிபட்டுவிட்டது. "இப்ப நடக்கிற நேரமா?" என்பதோடு விட்டுவிடுவார்.

நாய்களுக்குத்தான் இன்றுவரை பிடிபடவில்லை. நடந்து போனால் தலை தூக்காத நாய், பீப் கேட்டு ஓடத் தொடங்கியதும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. நாய் நிற்கும் மூலைகளில் டைமரை மதிக்காமல் நடந்தே கடப்பது என் சொந்தத் திருத்தம்.

சரி, தூரம் கூடியதா? கூடியது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒன்றரைக் கிலோமீற்றர் கூட்டினேன், இடைப்பட்ட கிழமைகளில் பழைய பத்துக்கே இறங்கினேன். மாசி முடியுமுன் 15 வந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை, போனின் ஜிபிஎஸ் பிழை என்று நினைத்து அடுத்த தடவை வேறு போனையும் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

அடி விழுந்தது வைகாசியில், கச்சான் காற்று தொடங்கியபோது. அன்று 16 கிலோமீற்றர். பிந்தி எழும்பி, ஆறு மணிக்குப் புறப்பட்டேன். நன்றாகக் குடித்தால் போதும் என்று வழி முழுக்கப் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனேன். பதின்மூன்றாவது கிலோமீற்றரில் கெண்டைக்கால் இரண்டும் இறுகிக் கட்டையாகின. வீட்டுக்கு வந்து வாந்தி, பகல் முழுக்கத் தலையிடி. வியர்வையோடு உப்பும் போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு இன்னும் ஐதாகும். அது ஆபத்தான நிலைக்கும் கொண்டுபோகும் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். அன்றிலிருந்து நீண்ட ஓட்டத்துக்கு ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) கரைத்த போத்தல் ஒன்று கையில், பிஞ்ஞாணத்தில் பிட்டு முதல் நாள் இரவே. புறப்படும் நேரம் நாலரைக்குப் பிந்தாது.

இந்த முறை வெயிலைக் குறைக்காது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நடக்கும் ஒரு நிமிடத்தில் மூச்சு அடங்கும், ஆறுதலாகக் குடிக்கலாம். ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஊர் இது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. எட்டு மணிக்கு நடந்தாலும் அவியத்தான் செய்யும்.

21.1 கிலோமீற்றர், அதாவது அரை மரதன், புரட்டாதிக் கடைசியில் நடந்தது. 4.20க்குப் பாலத்தடியில் தொடக்கம். காத்தான்குடியைக் கடக்கும்போது சுபஹுக்குப் பாங்கு சொன்னது, தொழுகைக்குப் போன ஒருவர் "மெல்லப் போங்க தம்பி" என்றார். தாழங்குடாவில் இன்னும் இருட்டு. புதுக்குடியிருப்பைத் தாண்டித் திரும்பினேன். வரும்போது வலப்பக்கம் கடல், அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் சூடேறியது. 17க்குப் பிறகு ஓட்டம் வெறும் இழுவை, ஆனாலும் எண்ணுவதற்கு மூன்று நிமிடம்தானே இருந்தது. பாலத்துக்கு வந்தபோது தூரம் கொஞ்சம் குறைந்தது. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் ஏறி மிச்சத்தை முடித்தேன். கடைசி நூறு மீற்றரில் நடை பீப் அடித்தது. நடந்தேன். 2 மணி 51 நிமிடம்.

நிற்காமல் ஓடும் என் மச்சான் இதே தூரத்தை அரை மணி நேரம் முந்தி முடிப்பான், இப்போதும் அப்படித்தான். வேகம் தேடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கதைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் சரிவராது, ஒவ்வொரு கதையும் பாதியில் அறுந்துவிடும். பீப் சத்தம் சில நாட்களில் கனவிலும் வந்தது, அதிர்வுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. இன்னொரு குறை: ஒரு நிமிடம் நடந்து திரும்ப ஓடும்போது, நீண்ட தூரங்களின் பின்பாதியில், முதல் பத்து அடி முழங்கால் முறுகும். அதனால் இப்போது இரண்டு நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் நடை என்று மாற்றிப் பார்க்கிறேன். முறுகல் குறைவு.

இது மாரி. மூன்று கிழமையாக ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கிறது, பத்துக்கு மேல் ஓடவில்லை. வடிந்த பிறகு 24 பார்க்க வேண்டும்.