38,400 ரூபாய்க்கு மஞ்சள் கேப்சூல்: கணையப் புற்றுநோய் உள்ள வீட்டார் கவனத்துக்கு

சென்னையில் வாட்ஸ்அப் வழியாக மூலிகைச் சாறு விற்கும் ஒரு கடை. கணையப் புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருக்கும் பெரியப்பாவுக்காக அங்கே கட்டியது 38,400 ரூபாய். டப்பா 6,400 வீதம் ஆறு டப்பா குர்குமின் கேப்சூல் (குர்குமின் மஞ்சளிலிருந்து எடுப்பது), மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கே வந்து இறங்கியது.

நம்ப வைத்தது ஒரே பேச்சு. "கீமோவை மட்டும் நிறுத்திடாதீங்க சார், இதையும் கூடச் சேர்த்துக் குடுங்க" என்றார் கடையிலிருந்து போனில் பேசிய அம்மா. நிறுத்தச் சொல்லியிருந்தால் அப்போதே போனை வைத்திருப்போம். கையோடு அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையின் 2008 ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதை முழுசாகப் படித்தால்தான் வண்டவாளம் தெரியும். அங்கே கொடுத்தது தினம் 8 கிராம். அப்படியும் ரத்தத்தில் சேர்ந்தது சொற்பம். மதிப்பிட முடிந்த 21 பேரில் ஏதோ பலன் தென்பட்டது இரண்டு பேருக்கு. இந்தக் கடைக்காரர்கள் சொன்னதோ 500 மில்லிகிராம் கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று. எட்டில் ஒரு பங்கு!

அதைவிட வயிறு எரிவது டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான். பொடி எழுத்தில் "பைப்பரின் 5 மி.கி." மிளகிலிருந்து எடுப்பது, குர்குமின் உடம்பில் ஏறுவதற்காகச் சேர்க்கிறார்கள். அதே பைப்பரின் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை மட்டுப்படுத்தக் கூடியது. பெரியப்பாவுக்கு ஏறும் கீமோ மருந்துகள் ஜெம்சிடபினும், பாக்லிடாக்சலின் ஒரு வடிவமான நாப்-பாக்லிடாக்சலும். பாக்லிடாக்சலை உடைத்து வெளியேற்றும் நொதிகளில் இந்த சிஒய்பி3ஏ4 நொதியும் ஒன்று. மருந்து ரத்தத்தில் தேங்கினால் வெள்ளணு சரியும், கைகால் மரப்பு கூடும். பாக்லிடாக்சலே யூ மரப்பட்டையில் கிடைத்ததுதான். செடியில் வந்தால் சாது என்று எவன் சொன்னது? டப்பாவைப் பார்த்ததுமே டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". அப்புறம் "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது". பிரிக்காத ஐந்து டப்பா இருக்கிறதே என்றதற்கு, "சிஏ 19-9 இறங்கியிருக்கே சார், எதனாலன்னு நினைக்கிறீங்க?" சிஏ 19-9 என்பது கணையப் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் ஓர் அளவு. பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறக்கும் குழாய்) வைத்து மஞ்சள்காமாலை வடிந்தாலே அந்த அளவு இறங்கும்! இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. 38,400 ரூபாய்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருந்தால் அது உணவுச் சரக்கு, மருந்தில்லை. லேப் ரிப்போர்ட் காட்டினால் பேட்ச் எண்ணை டப்பாவோடு ஒத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்தது வேறு பேட்ச்சின் ரிப்போர்ட். முதல் கேப்சூலுக்கு முன்னால் டப்பாவைக் கீமோ டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ன் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அந்த 38,400க்கும் அங்கேதான் புகார் கொடுத்திருக்கிறோம்.