புது பேனலில் பழைய எறும்பு

எங்கள் டிவி திரையின் இடது கீழ் மூலையில் ஒரு கருப்புப் புள்ளி உண்டு. வாங்கிய இரண்டாவது வருடமே வந்துவிட்டது. கடுகில் பாதி இருக்கும். என் மகள் சின்னவளாக இருந்தபோது அதை எறும்பு என்று நினைத்து ஊதி ஊதிப் பார்ப்பாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு எறும்பு என்றே பெயர். நான் ஏமாந்த கதைக்கு இந்த எறும்புதான் சாட்சி. பழைய டிவியை ரிப்பேர் பார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள், ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டிவிக்கு எட்டு வயது. ஒரு நாள் ராத்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போட்டால் ஒரு நொடி படம் வரும், உடனே இருட்டு. ரிமோட்டில் சேனல் மாற்றினால் சத்தம் மாறியது. அதாவது டிவி உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் தெரியவில்லை. இந்த ஒரு நொடி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அவசரத்தில் நான் செய்த முதல் தப்பு, இணையத்தில் கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று தேடி, மேலே வந்த முதல் எண்ணுக்கு அடித்தது. மேலே வந்தது விளம்பரம். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். புகார் எண் கொடுத்தார். எல்லாம் முறையாக இருந்தது. அந்தப் புகார் எண்ணைப் பிறகு உண்மையான கம்பெனியில் சொன்னபோது, எங்கள் எண்கள் இப்படியே இருக்காது என்றார்கள். சரியான எண் டிவியோடு வந்த சின்னப் புத்தகத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் புத்தகம் எட்டு வருடமாக அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

மறுநாள் பையன் ஒருவன் வந்தான். சட்டையில் கம்பெனிச் சின்னம். டிவியைப் போட்டான், இருட்டைப் பார்த்தான், "பேனல் போயிடுச்சு சார்" என்றான். பேனல் என்றால் படம் தெரியும் திரைப் பாகம். பின்மூடியைக் கழற்றவில்லை. மீட்டர் எதையும் வெளியே எடுக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது அது அனுபவம் என்று தோன்றியது, பாருங்கள்.

பேனல் மாற்ற எவ்வளவு என்றேன். ஒரு தொகை சொன்னான். அதே அளவுப் புது டிவியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. இங்கேதான் நான் விழுந்தேன். ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு, தாண்டாவிட்டால் சரிசெய் என்று நாம் எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும். பாதிக்கு மேலே சொன்னால் ஆள் கடைக்குப் போய்விடுவான், ரொம்பக் கீழே சொன்னால் லாபம் போய்விடும். சரியாகக் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை விட்டு விலை சொன்னார்கள். நானும் மனைவியும் காகிதத்தில் கூட்டிக் கழித்து, "பாதிகூட வரலையேங்க, செஞ்சிடலாம்" என்று முடிவெடுத்தோம். என்ன பழுது என்பது உண்மையாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். பழுதையே இட்டுக்கட்டிச் சொல்பவனிடம் பாதி என்ன, கால் என்ன?

தவிர, கொஞ்சம் யோசித்திருந்தாலே பொய் தெரிந்திருக்கும். ஒரு டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான் போகிறது. உண்மையிலேயே புது பேனல் போட்டால் செலவு புது டிவியை எட்டிப் பிடித்துவிடும். அதுவும் எட்டு வருடப் பழைய மாடலுக்குப் புது பேனல் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் பெரும்பாலும் வேறு டிவியிலிருந்து கழற்றியதாக இருக்கும். பாதி விலையில் புது பேனல் என்ற பேச்சே என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

"இங்க வச்சுத் திறக்க முடியாது சார், தூசி உள்ள போயிடும்" என்று டிவியைத் தூக்கிக்கொண்டு போனான். தூசி விஷயம் முழுப்பொய் இல்லை. பேனலுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள்களுக்கிடையில் தூசி போனால் திரையில் கறையாகத் தெரியும். டப்பா டிவி காலத்தில் மெக்கானிக் வீட்டிலேயே உட்கார்ந்து பற்றவைப்பார், நாம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்போம். இப்போது அது எப்போதும் நடக்காது. ஆனால் டிவி வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. குறைந்தபட்சம் பின்பக்கத்தைப் படம் எடுத்திருக்கலாம், போர்டுகளின் எண்களைக் குறித்திருக்கலாம். செய்யவில்லை.

நான்காம் நாள் டிவி வந்தது. படம் பளிச். பழைய பேனலைக் கேட்டேன். "அது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் சார்." பில்லில் பேனல் என்ற சொல்லே இல்லை. 'டிஸ்ப்ளே சர்வீஸ்' என்று ஒரே வரி. பாகத்தின் எண் கிடையாது. மூன்று மாத வாரண்டி என்று வாயால் சொன்னான். பணத்தை ரொக்கமாகக் கேட்டான். கொடுத்தேன். இந்தப் பத்தியில் எத்தனை மணி அடித்தது என்று இப்போது எண்ண முடிகிறது, அன்றைக்கு ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த மகள் டிவி பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அப்பா, புது பேனல்னு சொன்னீங்க. எறும்பு இங்கயே இருக்கே?"

இருந்தது. அதே மூலை, அதே அளவு.

உடனே போன் செய்தேன். "புது பேனல்லயும் சில சமயம் புள்ளி வரும் சார்" என்றார்கள். அதே இடத்திலா என்றேன். லைன் கட். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. படம் ஓடுகிறதே என்று நானும் அதைப் பெரிதாக்கவில்லை. அதுதான் என் சோம்பேறித்தனம்.

மூன்று வாரம்தான். திரும்பவும் இருட்டு, திரும்பவும் அந்த ஒரு நொடி. இந்த முறை வேறு எண்ணிலிருந்து அடித்ததும் எடுத்தார்கள். வாரண்டி பற்றிக் கேட்டதற்கு, "இது வேற பழுது சார், மெயின் போர்டு. பேசாம புதுசு வாங்கிடுங்க. பழசை நாங்களே எடுத்துக்கறோம்" என்று பழைய இரும்புக்குக் கொடுக்கும் தொகை ஒன்றைச் சொன்னார்கள். பார்க்காமலே பழுது, பார்க்காமலே விலை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வயதான மெக்கானிக்கை அனுப்பி வைத்தார். அவர் வந்ததும் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். டிவியைப் போட்டு, திரை இருண்டதும் செல்போன் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். "கிட்ட வந்து பாரு தம்பி." பார்த்தேன். கரும்பலகையில் அழித்த எழுத்து தெரிவதுபோல மங்கலாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது! ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"பேனல் உயிரோடதான் இருக்கு. பின்னாடி விளக்குதான் எரியல."

நாம் எல்.இ.டி. டிவி என்று வாங்குவதில் படத்தைக் காட்டும் பேனல் எல்.சி.டி.தான். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் பட்டை பட்டையாக எல்.இ.டி. விளக்குகள் வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் பேக்லைட். அந்த விளக்குகள் சீரியல் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று போனால் வரிசையே அணையும். டிவி போட்டதும் விளக்கு எரியப் பார்க்கும், கோளாறு இருக்கிறது என்று உணர்ந்ததும் பாதுகாப்புக்காக அதை ஓட்டும் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும். அதுதான் அந்த ஒரு நொடி. அந்த ஒரு நொடியிலேயே பதில் இருந்தது. பேனல் செத்திருந்தால் அந்த நொடியில்கூட ஒழுங்கான படம் வந்திருக்காது. (ஓ.எல்.இ.டி. டிவிக்கு இந்த டார்ச் சோதனை பொருந்தாது. அதில் பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்.)

திறக்கும் முன் அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். "தம்பி, விளக்கை மாத்தணும்னா பேனலைத் தூக்கணும். கண்ணாடி காகிதம் மாதிரி மெல்லிசு. உடையலாம். உடைஞ்சா என்னால புதுசு வாங்கித் தர முடியாது. சம்மதம்னா திறக்கறேன்." முதல் பையன் ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லையே, உடைந்தால் அதற்கும் ஒரு பில்.

கீழே போர்வை விரித்து, தரையைத் துடைத்து, கையுறை போட்டுத் திறந்தார். எங்கள் கண்முன்தான். பேனலின் பின்பக்க லேபிளில் இருந்த தயாரிப்புத் தேதி, நாங்கள் டிவி வாங்குவதற்கு முந்தைய வருடத்தைக் காட்டியது. எட்டு வருடமாக அதே பேனல்தான். விளக்குப் பட்டை ஒன்றில் கருகிய எல்.இ.டி.யின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சின்ன வயர் பற்றவைத்திருந்தது. "இதுதான் அவங்க செஞ்ச வேலை. போன விளக்கைத் தாண்டி வயர் போட்டா மத்தது எரியும். மத்ததுக்கும் எட்டு வயசு ஆச்சே, அடுத்தது போகும்." பழைய இரும்பு விலைக்குக் கேட்டதைச் சொன்னேன். சிரித்தார். "பட்டை மாத்தி வேற யாருக்காவது வித்திருப்பாங்க."

எல்லாப் பட்டைகளையும் ஒரு சேர மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரியும், மீதியும் சீக்கிரம் போகும் என்றார். பட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே நீளம், அதே எண்ணிக்கை, அதே வோல்டேஜ் பார்த்து வாங்கி வந்தார். மூன்று வோல்ட், ஆறு வோல்ட் என்று வகை உண்டாம், மாறினால் வேலை செய்யாது. பட்டை, கூலி எல்லாம் சேர்த்து நான் முதலில் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எல்லா டிவியையும் இப்படிக் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. திரை விரிசல் விட்டிருந்தால், மேலிருந்து கீழாகக் கோடு நிரந்தரமாக நின்றுவிட்டால் பெரும்பாலும் பேனல்தான். பழைய டிவிக்கு அது வந்தால் காசு போடாதீர்கள். சிவப்பு விளக்குகூட எரியாமல் மொத்தமாகப் படுத்துவிட்டால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டாக இருக்கலாம். அதில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால், ஒன்றிரண்டை மாற்றினாலே எழுந்துவிடும், சின்னச் செலவு. செயலிகள் ஓடவில்லை, டிவி ஆமை வேகம் என்பதற்காக மட்டும் புதிது வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில், செயலிகளை ஓட்டும் ஸ்ட்ரீமிங் குச்சி ஒன்றைச் செருகினால் முடிந்தது. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் நிற்கக்கூடும். டார்ச் சோதனைக்குத் திறக்கவே வேண்டாம்.

போகும்போது அவர் அமைப்புக்குள் போய் பேக்லைட் அளவை உச்சத்திலிருந்து பாதிக்கு இறக்கிவிட்டார். கடையில் பளபளப்பாகத் தெரியவேண்டும் என்று வைத்திருந்த அளவிலேயே எட்டு வருடம் ஓட்டியிருக்கிறோம். அந்தச் சூட்டில்தான் விளக்குகள் சீக்கிரம் போனதாம். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றியது, பிறகு கண் பழகிவிட்டது.

கொடுத்த பணம் திரும்பவில்லை. பில்லில் பேனல் என்று இல்லை, கடையின் முகவரி என்று போட்டிருந்த இடத்தில் அப்படி ஒரு கடையே இல்லை, கொடுத்தது ரொக்கம். கம்பெனிக்கு மட்டும் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பி வைத்தேன்.

போன வாரம் சும்மா மறுபடி தேடிப் பார்த்தேன். வேறு எண், அதே விளம்பரம். அடித்தேன். சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று அவ்வளவு மட்டும் சொன்னேன்.

"பேனல் போயிருக்கும் சார்."

"பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"இருபது வருஷ அனுபவம் சார்."