விபுலானந்தருக்கு இன்னொரு சிலையா, நூல் மறுபதிப்பா?

தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்த அடிகளாரின் நினைவு தினத்துக்கு அரச நிதி வந்தால் என்ன செய்வது என்று இங்கே பலர் கேட்கிறார்கள். 1892இல் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்து, 1947இல் மறைந்து, மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் அடக்கமானவர். எங்கள் மண்ணின் ஆள் என்பதால் கொஞ்சம் யோசித்தே செலவழிக்க வேண்டும்.

செலவு
சிலை: பீடம், வேலி, விளக்கு, அப்புறம் திறப்பு விழாப் பந்தல்.
நூல்: தாளும் அச்சும் மட்டுமில்லை, பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' போன்றதை மெய்ப்புப் பார்க்க இசையும் பழந்தமிழும் தெரிந்த ஆள் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

நிலைப்பு
சிலை: நம் கரையோர உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து சீமெந்து வெடிக்கும், காவி நிறம் வெளிறும், இரண்டொரு வருடத்துக்கு ஒருமுறை பூச்சு அடிக்காவிட்டால் பார்க்கவே மனம் வலிக்கும்.
நூல்: அலுமாரிக்குள் பூட்டினால் கறையான்.

இலகு
சிலை: இடம் கிடைத்தால் சரி.
நூல்: பாடசாலை பாடசாலையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு.

பயன்
சிலை: வழியில் போகிறவருக்கும் முகம் தெரியும்.
நூல்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்ன எழுதினார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கு இதுதான் பெரிது.

சிலையே இல்லாத ஊரென்றால் சிலை வையுங்கள். மட்டக்களப்பு, காரைதீவு போன்ற இடங்களில் நூல்தான். முழு நூலுக்குக் காசு போதாதென்றால் அவருடைய கட்டுரைகளில் சிலவற்றைச் சிறு தொகுப்பாக்கி வகுப்பறைக்கே கொடுங்கள், வாசிகசாலைக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிற்காதீர்கள்.